இரட்டைக் கர்ப்பம்: தாயின் உடலுக்கு என்ன நேர்கிறது?

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

இரட்டை என்று தெரிந்ததும் எல்லோருடைய கவனமும் குழந்தைகள் பக்கம் போய்விடுகிறது. எடை சரியா, தலை திரும்பிவிட்டதா, இரண்டு இதயமும் துடிக்கிறதா என்று கேட்கிறோம். சுமப்பவளின் ரத்தம், ப்ரஷர், கல்லீரல், இதயம் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. இந்த இதழில் அந்தக் கேள்விகளுக்கே இடம் தந்திருக்கிறோம்.

கே: எனக்கு 12 வாரம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘எம்.சி.டி.ஏ. ட்வின்ஸ்’ என்று இருக்கிறது. அப்படியென்றால் என்ன? பயப்பட வேண்டியதா?

ப: குழந்தைகள் இருவரும் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்கிறார்கள், ஆனால் ஆளுக்கொரு பனிக்குடம் இருக்கிறது. இதுதான் எம்.சி.டி.ஏ. நஞ்சும் பனிக்குடமும் தனித்தனியாக இருந்தால் டி.சி.டி.ஏ. என்று எழுதுவார்கள். நஞ்சும் ஒன்று, பனிக்குடமும் ஒன்று என்றால் எம்.சி.எம்.ஏ.; இது மிக அரிது, ஆபத்தும் அதிகம்.

இந்த மூன்று எழுத்துச் சேர்க்கைகளில் எது உங்களுடையது என்பதைப் பொறுத்துத்தான் மீதி மாதங்களின் அட்டவணையே அமைகிறது. 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் இதைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். இரு பைகளுக்கும் நடுவிலுள்ள சவ்வு நஞ்சைத் தொடும் இடத்தில் ஆப்பு போலத் தடித்திருந்தால் நஞ்சு தனித்தனி. மெல்லிய கோடாக வந்து ‘டி’ எழுத்துபோல் முட்டி நின்றால் நஞ்சு ஒன்றே. வாரம் கூடக்கூட அந்த ஆப்பு மறைந்துபோகும். பிறகு உறுதியாகச் சொல்வது கடினம். அதனால் உங்கள் கையிலுள்ள அந்த ரிப்போர்ட்டையும் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். பிரசவம்வரை எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் காட்ட வேண்டியது அதுதான்.

ஒரே நஞ்சு என்றால் 16ஆவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் தேவை. தனித்தனி நஞ்சுக்கு, 20ஆவது வார ஸ்கேனுக்குப் பிறகு நான்கு வாரத்துக்கு ஒன்று பொதுவாகப் போதும். ஏன் இந்த வேறுபாடு? ஒரே நஞ்சுக்குள் இரு குழந்தைகளின் ரத்தக் குழாய்களும் இணைந்திருக்கும். நூற்றில் 10 முதல் 15 பேருக்கு ஒரு குழந்தையிடமிருந்து மற்றதற்கு ரத்தம் ஒருபக்கமாகப் பாயத் தொடங்குகிறது. வாங்கும் குழந்தையின் பனிக்குடத்தில் நீர் மிதமிஞ்சிச் சேரும். கொடுக்கும் குழந்தையின் பையில் நீர் வற்றும். அப்போது தாய்க்கு ஓரிரு நாளிலேயே வயிறு திடீரென்று பெருத்து, தோல் இழுத்துப் பிடித்து, மூச்சு முட்டும். ‘இரட்டை என்றால் இப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் அன்றே ஸ்கேன் பார்க்க வேண்டும். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் கருவறைக்குள் கேமரா பொருத்திய மெல்லிய குழாய் செலுத்தி, இணைந்த குழாய்களை லேசரால் அடைக்கும் சிகிச்சை இருக்கிறது.

உருவ ஒற்றுமையையும் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்த இரட்டையரிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு நஞ்சு தனித்தனியாகவே இருக்கும்.

உங்கள் உடலைப் பொறுத்தவரை, ரத்தசோகை, ப்ரஷர், பிரசவத்துக்குப் பிந்திய உதிரப்போக்கு ஆகியவை எந்த வகை இரட்டையானாலும் வரக்கூடியவை. நஞ்சு தனித்தனி என்பதால் தாய்க்கு ஆபத்தில்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

கே: ஒற்றைக் கர்ப்பத்துக்குத் தரும் அதே இரும்பு மாத்திரையைத்தான் எனக்கும் தந்திருக்கிறார்கள். இரண்டு குழந்தைக்கு இரண்டு மாத்திரை போட வேண்டாமா?

ப: நீங்களாகக் கூட்டாதீர்கள். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.

ஒற்றைக் கர்ப்பத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் பெருகும். இரட்டையில் அதைவிடவும் 10 முதல் 20 சதவீதம் கூடுதல். சிவப்பணுக்கள் அதே வேகத்தில் பெருகாததால் ஹீமோகுளோபின் அளவு இறங்கித் தெரியும். இதோடு இரண்டு குழந்தைகளும் உங்கள் இரும்புச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அதனால் முதல் சந்திப்பில் ஒரு பரிசோதனை, 28 வாரத்தில் இன்னொன்று என்னும் வழக்கத்துக்கு நடுவே, 20 முதல் 24 வாரத்துக்குள் கூடுதலாக ஒருமுறை ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் 11 கிராமுக்குக் கீழும், நடு மூன்று மாதத்தில் 10.5 கிராமுக்குக் கீழும் இருந்தால் ரத்தசோகை.

தடுப்புக்காக நாளொன்றுக்கு 30 முதல் 60 மி.கி. இரும்பு, ரத்தசோகை வந்துவிட்டால் 120 மி.கி. வரை தருவார்கள். இந்தக் கணக்கு மாத்திரையிலுள்ள தூய இரும்பின் அளவு. அட்டையில் இரும்பு கலந்த உப்பின் (சேர்மத்தின்) மொத்த எடையைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். தூய இரும்பு எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். கூடவே 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சேர்ந்திருக்க வேண்டும்.

மாத்திரை போட்டும் ஏறவில்லை என்று வருபவர்களில் பலருக்குக் காரணம் நேரந்தான். டீ, காபி குடித்த கையோடு போட்டால் இரும்பு உடலில் சேராது. முன்னும் பின்னும் ஒருமணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையை அதனுடன் சேர்த்து விழுங்காதீர்கள், இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற புளிப்புப் பழச்சாறு உறிஞ்சுதலைக் கூட்டும். மலம் கறுத்துப் போவது இயல்பு. குமட்டலோ மலச்சிக்கலோ தாங்க முடியவில்லை என்றால் நிறுத்திவிடாமல் வேறு வகை இரும்பு உப்பு உள்ள மாத்திரை கேளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதும் பலருக்கு ஒத்துக்கொள்கிறது.

நான்கு வாரம் ஒழுங்காகப் போட்டும் ஒரு கிராம்கூட ஏறவில்லை என்றால், பி12 குறைவா, தலசீமியா வகைப் பிறவிக் கோளாறா என்று தேட வேண்டும். முதல் மூன்று மாதம் கடந்தபின் நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம். பிரசவம் நெருங்கிவிட்டவர்களுக்கு அதுவே விரைவான வழி. இரட்டைப் பிரசவம் பல நேரம் குறித்த தேதிக்கு முன்பே வந்துவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போட நேரமில்லை. 11 கிராமுடன் பிரசவ அறைக்குள் போகும் பெண் தாங்குகிற ரத்த இழப்பை 8 கிராமுடன் போகும் பெண் தாங்க மாட்டார்.

கே: என் மனைவிக்கு 15 வாரம். முதல் கர்ப்பம், இரட்டை. தினமும் ஆஸ்பிரின் போடச் சொல்லியிருக்கிறார்கள். அது ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்தாயிற்றே, கர்ப்பிணிக்கு ஏன்?

ப: ப்ரீ-எக்லாம்ப்சியா எனப்படும் கர்ப்பகால ப்ரஷர் நோயைத் தள்ளிப்போடவும் தடுக்கவும். ஒற்றைக் கர்ப்பத்தைக் காட்டிலும் இரட்டையில் இந்த நோய் இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். வந்தால் சீக்கிரமே வருகிறது, தீவிரமாகவும் வருகிறது. நஞ்சின் மொத்த அளவு பெரிதாகும்போது, அதிலிருந்து தாயின் ரத்தத்தில் கலந்து ரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கும் புரதங்களும் கூடுவது முக்கியக் காரணம். குழாய்கள் இறுகி ப்ரஷர் ஏறுகிறது; சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகிறது; கல்லீரலும் மூளையும் பாதிக்கப்படுகின்றன.

ஆஸ்பிரினின் அளவு நாளொன்றுக்கு 75 முதல் 150 மி.கி.; 12ஆவது வாரத்திலிருந்து, முடிந்தால் 16ஆவது வாரத்துக்குள் தொடங்க வேண்டும். இரவில் போடுவது வழக்கம். இரட்டை என்ற ஒரே காரணத்துக்காகவே கொடுக்கும் மருத்துவர்கள் உண்டு. முதல் கர்ப்பம், 40 வயது, அதிக உடல் எடை, தாய்க்கோ சகோதரிக்கோ இதே நோய் வந்திருப்பது என இன்னொரு காரணமும் சேர்ந்தால் கொடுப்பவர்களும் உண்டு. உங்கள் மனைவிக்கு இரண்டும் பொருந்துகின்றன. இந்தச் சிறிய அளவில் பெரும் ரத்தக்கசிவு வருவது அரிது. வயிற்றுப்புண், ஆஸ்பிரின் போட்டால் இளைப்பு வரும் தன்மை இருந்தால் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். எப்போது நிறுத்துவது என்பதையும் மருத்துவரே சொல்வார். பெரும்பாலும் 36ஆவது வாரத்தை ஒட்டி. இதை வைத்து வலிக்கு இபுப்ரோஃபென் போன்றவையும் போடலாம் என்று எண்ணிவிட வேண்டாம். அவை கர்ப்பத்தில் கூடாது.

ஆஸ்பிரின் போட்டாலும் நோய் வரலாம். ஆகவே வீட்டில் ஒரு ப்ரஷர் கருவி இருப்பது நல்லது. அளக்கும் முறை தவறினால் எண் பொய்யாகும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க, பாதங்கள் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல், கையை இதயத்தின் உயரத்தில் தாங்கி வைத்து அளக்க வேண்டும். கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை வாங்குங்கள், சிறிய பட்டை எண்ணைக் கூட்டிக் காட்டும். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து மேலிருக்கும் கையில் அளந்தால் குறைத்துக் காட்டும். ‘படுத்தால் ப்ரஷர் இறங்கிவிட்டது’ என்ற தவறான நிம்மதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

140/90 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றே மருத்துவமனை. 160/110 என்றால் அந்த நிமிடமே. எண் சரியாக இருந்தாலும் விடாத தலைவலி, கண்ணில் மின்னல் பூச்சி பறப்பது அல்லது மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குவது, பின்மாதங்களில் புதிதாகத் தொடங்கும் வாந்தி, நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழோ வலி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் போக வேண்டும். அந்தக் கடைசி வலியை வாயு என்று நினைத்துக் கஷாயம் குடித்துக்கொண்டு படுத்திருப்பவர்கள் நிறைய. கல்லீரல் வீங்கி, சிவப்பணுக்கள் உடைந்து, தட்டணுக்கள் குறையும் கடுமையான வடிவத்தின் முதல் அறிகுறி பல நேரம் அதுதான். ப்ரஷர் அப்போது பெரிதாக ஏறாமலும் இருக்கலாம். வலிப்பைத் தடுக்க மருத்துவமனையில் மெக்னீசியம் சல்ஃபேட் தருவார்கள். நோய்க்கு முழுத் தீர்வு, நஞ்சு வெளியேறுவதுதான்.

கே: இரட்டைக் கர்ப்பத்தில் சர்க்கரை பரிசோதனை இரண்டுமுறை செய்ய வேண்டுமா?

ப: எல்லோருக்கும் வேண்டாம். 24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் சோதனை ஒன்று போதும். வெறும் வயிற்றில் 92, ஒருமணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 ஆகியவற்றில் ஒன்றைத் தொட்டாலும் கர்ப்பகால நீரிழிவு. குடும்பத்தில் நீரிழிவு, அதிக எடை இருந்தால் முதல் சந்திப்பிலேயே ஒருமுறை பார்ப்பார்கள். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு, குறைப்பிரசவம் நெருங்கும்போது குழந்தைகளின் நுரையீரல் முதிர்ச்சிக்காகப் போடும் ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு சில நாட்களுக்குச் சர்க்கரை எகிறும். அதை எதிர்பார்த்து இன்சுலின் அளவை மாற்ற வேண்டும்.

கே: என் மருமகளுக்கு 22 வாரம். இரட்டை என்பதால் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று வைத்திருக்கிறோம். சரிதானே அம்மா?

ப: அக்கறையில் செய்கிறீர்கள், ஆனால் இது அவருக்கு நன்மை தராது. இரட்டைக் கர்ப்பிணிகளைப் படுக்கையிலேயே வைத்திருந்து பார்த்த ஆய்வுகளில் குறைப்பிரசவம் குறையவில்லை. காலின் ஆழ்ந்த ரத்தக் குழாய்களில் ரத்தம் கட்டும் ஆபத்தைத்தான் படுக்கை கூட்டுகிறது. கர்ப்பத்தில் ரத்தம் இயல்பாகவே உறையும் தன்மையோடு இருக்கும். பெருத்த கருப்பை இடுப்பிலுள்ள குழாய்களை அழுத்தும். அசையாமல் கிடந்தால் மூன்றும் சேர்ந்துகொள்ளும். ஒரு கால் மட்டும், பெரும்பாலும் இடது கால், வீங்கிச் சூடாகி வலித்தால் அதைத் தேய்த்துவிடாமல் உடனே டாப்ளர் (ரத்த ஓட்டம் காட்டும்) ஸ்கேன் செய்யுங்கள். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது என்று கொண்டு ஆம்புலன்ஸ் அழைக்க வேண்டும்.

மருமகள் நடக்கட்டும், வீட்டு வேலை செய்யட்டும். பாரம் தூக்குவதையும் நீண்ட நேரம் நின்றபடி வேலை செய்வதையும் குறைத்தால் போதும். நீர் நிறையக் குடிக்கட்டும். மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுக்கட்டும்.

குறைப்பிரசவ பயம் நியாயமானது. இரட்டையரில் நூற்றுக்கு 60 பேர் அளவில் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். அதற்குச் செய்யக்கூடியவை வேறு. 16 முதல் 24 வாரத்துக்குள் கர்ப்பப்பை வாயின் நீளத்தை உட்புற ஸ்கேனில் அளக்கலாம். 25 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மருந்து பற்றி மருத்துவர் பேசுவார். நீளம் சரியாக இருக்கும் எல்லோருக்கும் அதைக் கொடுப்பதிலோ, தையல் போடுவதிலோ பயனில்லை. வயிறு ஒருமணி நேரத்தில் நான்கைந்து முறை இறுகித் தளர்வது, விட்டுவிட்டு வரும் இடுப்புவலி, நீர் கசிவது, சளிபோன்ற ரத்தம், இவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

ஸ்டீராய்டு ஊசியை ‘எதற்கும் போட்டு வைப்போம்’ என்று முன்கூட்டியே போடுவதும் சரியில்லை. பீட்டாமெத்தசோன் 12 மி.கி. 24 மணி இடைவெளியில் இருமுறை, அல்லது டெக்சாமெத்தசோன் 6 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்குமுறை. இதன் பலன் ஏழு நாட்களுக்குள் பிறந்தால்தான் முழுமையாகக் கிடைக்கும். பிரசவம் நெருங்குகிறது என்ற அறிகுறி வேண்டும்.

கே: 31 வாரம். உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவெல்லாம் அரிக்கிறது. தடிப்பு எதுவும் இல்லை. களிம்பு தடவலாமா?

ப: களிம்புக்கு முன் ரத்தப் பரிசோதனை. தடிப்பில்லாமல் உள்ளங்கை, உள்ளங்காலில் இரவில் கூடும் அரிப்பு, கல்லீரலில் பித்தம் தேங்குவதன் அடையாளமாக இருக்கலாம். இரட்டைக் கர்ப்பத்தில் இது கூடுதலாக வருகிறது. பித்த அமில அளவும் கல்லீரல் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். அளவு 19 மைக்ரோமோலும் அதற்கு மேலும் இருந்தால் நோய் உறுதியாகிறது. 100ஐத் தாண்டினால் குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து தெளிவாகக் கூடுகிறது, பிரசவத்தை முன்னே கொண்டுவர வேண்டும். முதல் சோதனை சரியாக இருந்தும் அரிப்பு தொடர்ந்தால், ஓரிரு வாரத்தில் மறுபடி செய்யுங்கள். அரிப்பு முந்திக்கொண்டு, ரத்தத்தில் மாற்றம் பிந்தி வருவதுண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் வாந்தி, வயிற்றுவலி, அளவுமீறிய தாகம், கண் மஞ்சளாவது என்று சேர்ந்து வந்தால் அது கல்லீரலில் கொழுப்பு படியும் அவசர நோயாக இருக்கலாம். அரிதானது, ஆனால் இரட்டையில் கூடுதல். ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும், ரத்தம் உறையாமல் போகும். நேரே தீவிர சிகிச்சை வசதியுள்ள இடத்துக்குப் போக வேண்டும்.

கே: மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இயல்பா, இதயக் கோளாறா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ப: இரட்டைக் கர்ப்பத்தில் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தின் அளவு ஒற்றைக் கர்ப்பத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். மேலே தள்ளும் கருப்பை நுரையீரலுக்கும் இடம் விடுவதில்லை. படியேறும்போது இளைத்து, உட்கார்ந்ததும் அடங்கிவிட்டால் பெரும்பாலும் இயல்பு. ஹீமோகுளோபினை மட்டும் பாருங்கள்.

படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருப்பது, நடுராத்திரி இருமலோடு விழிப்பது, சும்மா இருக்கும்போதே படபடப்பு, சில நாட்களில் சட்டென்று ஏறும் எடையும் வீக்கமும் இயல்பல்ல. கர்ப்பத்தின் இறுதியிலும் பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதம்வரையிலும் இதயத் தசை பலவீனமாகும் நோய் இரட்டைத் தாய்மார்களுக்குக் கூடுதலாக வருகிறது; எக்கோ எடுத்தால் தெரிந்துவிடும். குறைப்பிரசவ வலியை நிறுத்த மருந்தும் குளுக்கோஸ் பாட்டில்களும் ஒருசேர ஏறிக்கொண்டிருக்கும்போது மூச்சு திணறினால் நர்சிடம் உடனே சொல்லுங்கள். நுரையீரலில் நீர் கோர்ப்பது இரட்டைக் கர்ப்பிணிகளுக்கு எளிதில் நேரும்.

கே: இரண்டு பேருக்கும் சேர்த்து எவ்வளவு எடை கூடலாம்?

ப: கர்ப்பத்துக்கு முன் எடை சரியாக இருந்தவர் 17 முதல் 25 கிலோ, கூடுதல் எடை கொண்டவர் 14 முதல் 23, உடல் பருமன் உள்ளவர் 11 முதல் 19. இது இரட்டையருக்கு. உணவை இரட்டிப்பாக்க வேண்டியதில்லை. வயிற்றில் இடமில்லாததால் மூன்று பெரிய வேளைகளை ஆறு சிறு வேளைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பருப்போ முட்டையோ மீனோ பாலோ என ஏதாவது ஒரு புரதம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு கிலோ ஏறினால் சாப்பாட்டைக் குறை சொல்லாமல் ப்ரஷரைப் பாருங்கள்.

கே: மசக்கை தாங்கவில்லை. தண்ணீர்கூட நிற்கவில்லை. இரட்டை என்றால் இவ்வளவு இருக்குமா?

ப: இருக்கும். நஞ்சு சுரக்கும் ஹார்மோன் இரட்டையில் அதிகம். ஆனால் எடை கர்ப்பத்துக்கு முன்பிருந்ததைவிட 5 சதவீதம் குறைந்துவிட்டாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ பொறுத்துக்கொள்வது தவறு. நரம்பு வழியாக உப்புநீரும் வாந்தி மருந்தும் வேண்டும். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் எனும் பி1 தரச் சொல்லிக் கேளுங்கள். நாட்கணக்கில் சாப்பிடாதவருக்கு அது இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

கே: இரட்டை என்றாலே சிசேரியன்தானா? எத்தனையாவது வாரத்தில்?

ப: இல்லை. முதல் குழந்தையின் தலை கீழே இருந்தால் சுகப்பிரசவத்துக்கு முயலலாம். 2013இல் வெளியான, 25 நாடுகளில் சுமார் 2,800 பெண்கள் பங்கேற்ற ஆய்வில், 32 முதல் 38 வாரத்துக்குள் இப்படி முயன்றவர்களையும் திட்டமிட்டுச் சிசேரியன் செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். சிசேரியனால் குழந்தைகளுக்கோ தாய்க்கோ கூடுதல் பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பிரசவங்கள் நடந்த இடங்களில் இரண்டாவது குழந்தையைத் திருப்பவும் கால்பக்கமாக எடுக்கவும் தெரிந்தவர்கள் இருந்தார்கள். நீங்கள் போகும் மருத்துவமனையில் அந்த அனுபவம் உண்டா, பிரசவ அறையில் ஸ்கேன் இருக்குமா, இரவு 2 மணிக்கும் மயக்க மருத்துவர் கிடைப்பாரா என்று கேளுங்கள். ‘இல்லை’ என்பது பதிலானால் சிசேரியனே பாதுகாப்பு. முயல்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறுதியில் சிசேரியனில் முடிகிறது. நூற்றில் நான்கு பேருக்கு முதல் குழந்தை இயல்பாகவும் இரண்டாவது அறுவையிலும் பிறக்கும். இதையும் மனத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

முதல் குழந்தை குறுக்கே இருந்தாலோ, ஒரே பனிக்குடமானாலோ, மூன்று குழந்தைகளானாலோ சிசேரியன். முதல் குழந்தை கால்பக்கமாக இருந்தாலும் பெரும்பாலும் அதுவே.

சிக்கல் எதுவும் இல்லாவிட்டால், தனித்தனி நஞ்சுக்கு 37ஆவது வாரம் முடிந்தபின், ஒரே நஞ்சுக்கு 36ஐ ஒட்டி, ஒரே பனிக்குடத்துக்கு 32க்கும் 34க்கும் இடையே. மருத்துவமனைக்கு மருத்துவமனை ஓரிரு வாரம் வேறுபடலாம். 40 வரை காத்திருப்பது மட்டும் கூடாது.

கே: எங்கள் சித்திக்கு இரட்டைப் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காமல் உயிருக்கே ஆபத்தானது. எனக்கும் இரட்டை. முன்கூட்டியே என்ன செய்துகொள்ளலாம்?

ப: கேட்டது நல்லதாயிற்று. இதற்குத் தயாராக இருந்தால் பெரும்பாலானோரைக் காப்பாற்றிவிடலாம். தயாரில்லாமல் இருந்தால் ஒருமணி நேரத்தில் கைமீறும்.

நஞ்சு பிரிந்த இடத்தில் திறந்துகிடக்கும் ரத்தக் குழாய்களை, கருப்பைத் தசை சுருங்கி நெருக்கித்தான் மூடுகிறது. இரட்டைக்காக அளவுமீறி விரிந்த தசை களைத்துத் துவண்டுவிடுகிறது. அதோடு நஞ்சு ஒட்டியிருந்த பரப்பும் பெரிது. இயல்புப் பிரசவத்தில் 500 மி.லி.க்கு மேலும், சிசேரியனில் ஒரு லிட்டருக்கு மேலும் போனால் மிகை உதிரப்போக்கு என்பது நெடுநாள் கணக்கு. ஆனால் நாடித்துடிப்பு ஏறத் தொடங்கினால் அந்த எண்ணுக்குக் காத்திருக்கக் கூடாது. கண்ணால் மதிப்பிடுவது எப்போதும் குறைத்தே சொல்லும். அளவுக் கோடுள்ள பையில் பிடித்து அளப்பதே சரி.

பிரசவத்துக்கு முன்: ஹீமோகுளோபினை 11க்கு மேல் கொண்டுவாருங்கள். ரத்தவகை எழுதிய அட்டை கையில் இருக்கட்டும். ரத்த வங்கி உள்ள, அல்லது ரத்தம் அரைமணி நேரத்தில் வந்துசேரும் மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள். அரிய ரத்தவகையானால் உறவினரில் யார் யார் அதே வகை என்று எழுதிவைத்து, பிரசவத் தேதிக்குச் சில வாரம் முன்பே வங்கியிடம் சொல்லிவையுங்கள். ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் போடும் ஊசியோ எடுத்துக்கொண்டால் கடைசியாக எப்போது என்பதைச் சொல்லுங்கள்.

வலி வந்தவுடன் கையில் பெரிய துளையுள்ள ஊசிக்குழாய் பொருத்தி, ரத்தம் பொருத்தம் பார்த்து வைப்பார்கள். இரண்டாவது குழந்தையும் பிறந்த பிறகு, கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி 10 யூனிட். வயிற்றில் இன்னொரு குழந்தை இருக்கும்போது அந்த ஊசியைப் போட்டுவிடக் கூடாது என்பதால்தான் ‘இரட்டை’ என்பது பிரசவ அறையில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

போக்கு கூடினால் கருப்பையைத் தேய்த்துச் சுருங்கவைப்பது, மேலும் ஆக்ஸிடோசின், உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் ஒரு கிராம், நரம்பில் நீர், சிறுநீர்ப்பையைக் காலி செய்வது, கிழிசலோ நஞ்சுத் துண்டோ இருக்கிறதா என்று பார்ப்பது, இவை ஒவ்வொன்றாகக் காத்திருந்து செய்ய வேண்டியவை அல்ல, ஒரே நேரத்தில் நடக்க வேண்டியவை. டிரானெக்ஸாமிக் அமிலம் பிறப்பிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன். அதிலும் நிற்காவிட்டால் கருப்பைக்குள் பலூன், கருப்பையை இறுக்கிக் கட்டும் தையல், கடைசியில் உயிர்காக்கக் கருப்பையை அகற்றுவது. கருப்பையைச் சுருக்கும் மற்ற மருந்துகளில், ப்ரஷர் நோய் உள்ளவருக்கு மெத்தர்ஜின் ஊசியும், ஆஸ்துமா உள்ளவருக்குக் கார்போப்ரோஸ்ட் ஊசியும் கூடாது. இந்த இரண்டில் ஏதாவது உங்களுக்கு இருந்தால் அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள்.

கே: குழந்தைப்பேறு சிகிச்சையில் மூன்று கருக்களை வைக்கலாமா என்று கேட்கிறார்கள். ஒன்றாவது தங்குமே என்று தோன்றுகிறது.

ப: மூன்றும் தங்கிவிட்டால் என்ன என்பதையும் யோசியுங்கள். மூன்று குழந்தைகளைச் சுமக்கும் பெண்ணுக்கு இந்தப் பக்கங்களில் சொன்ன எல்லா ஆபத்தும் இரட்டையைவிடவும் கூடும். பிரசவம் சராசரியாக 32 வாரத்தை ஒட்டி வந்துவிடும். இளவயதும் நல்ல தரமான கருவும் இருந்தால் ஒன்றை வைத்து, மீதியை உறைய வைத்து அடுத்தமுறைக்கு வைத்துக்கொள்வதே உங்கள் உடலுக்கு நல்லது. உங்களுக்கு முன்பு சிசேரியன், ப்ரஷர், இதய அல்லது சிறுநீரக நோய் இருந்தால் இதில் பேரமே வேண்டாம். முட்டை வளர மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் ஸ்கேனில் மூன்று நான்கு முட்டைகள் முதிர்ந்திருப்பது தெரிந்தால் அந்த மாதம் சேர்க்கையைத் தவிர்க்கச் சொல்வார்கள். ஒரு மாதம் வீணாகிறதே என்று மீறாதீர்கள்.

ஏற்கெனவே மூன்றோ நான்கோ தங்கிவிட்டவர்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் எண்ணிக்கையைக் குறைக்கும் வழி உண்டு. கருச்சிதைவு ஆபத்து அதில் இருக்கிறது. நஞ்சைப் பகிரும் குழந்தைகளில் வழக்கமான ஊசிமுறையைச் செய்ய முடியாது, மருந்து மற்ற குழந்தைக்கும் போய்விடும். மனத்தை அறுக்கும் முடிவு இது. சுமக்கும் பெண்ணுக்கு முழு விவரமும் கொடுத்து, அவரையே தீர்மானிக்க விட வேண்டும்.

கே: பிரசவம் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்தால் ஆபத்து தாண்டியதுதானே?

ப: ஆறு வாரம் பொறுங்கள். பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் ப்ரஷர் உச்சத்துக்கு ஏறும்; கர்ப்பத்தில் சரியாக இருந்தவருக்கும் அப்போது புதிதாக வரலாம். இரவெல்லாம் இரண்டு குழந்தைகளுக்கு மாறி மாறிப் பால் கொடுப்பவரின் தலைவலியைத் தூக்கமின்மை என்று எல்லோரும் சொல்வார்கள். முதலில் ப்ரஷர் பாருங்கள், பிறகு தூங்கச் சொல்லுங்கள். ரத்தக்கட்டி ஆபத்தும் இந்த ஆறு வாரத்தில் அதிகம். சிசேரியன் ஆனவருக்கு ஹெப்பாரின் வகை ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் சொன்ன நாள்வரை நிறுத்தாமல் போட வேண்டும். ஒருமணி நேரத்தில் ஒரு பெரிய பஞ்சு முழுதும் நனைந்தாலோ, எலுமிச்சை அளவு கட்டி விழுந்தாலோ, காய்ச்சலோடு துர்நாற்றம் வந்தாலோ திரும்பப் போங்கள்.

மனச்சோர்வு இரட்டைத் தாய்மார்களிடம் கூடுதல். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, எதிலும் பிடிப்பின்மை, குழந்தைகள் தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராமை இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு. முதல் இரண்டு வாரத்தில் திடீரென்று தொடர்பில்லாமல் பேசுவது, இல்லாத குரல் கேட்பது, குழந்தைகளைப் பற்றி விபரீதமாகச் சந்தேகப்படுவது ஆகியவை அவசர நிலை, அன்றே மனநல மருத்துவர் வேண்டும். அதுவரை அவரையும் குழந்தைகளையும் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ளவர்கள் குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சுவதோடு நிற்காமல், ஒரு வேளைப் பாலைக் கறந்து வைத்தாவது தாய்க்கு இடையில் எழாத நான்கு மணி நேரத் தூக்கம் தினமும் கிடைக்கும்படி முறை வைத்துக்கொள்ளுங்கள்.